வீட்டு இணையத்தின் இரு காவல்கள்

(பெரம்பலூரில் வாசகர்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டிலே இணைய இணைப்பு வைத்திருக்கும் ஒரு சாமானியக் குடும்பஸ்தர், ஃபயர்வால் எனப்படும் காவலைத் தனியொரு கருவியாக வாங்கி வைப்பதா, கணினிக்குள் இயங்கும் மென்பொருளாக வைத்துக்கொண்டு திருப்தி அடைவதா என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் விஷயம். பெருநகரத்து அலுவலகங்களுக்கே உரிய விவகாரம் என்று இதனை நாம் ஒதுக்கி வைத்திருந்த காலம் போய்விட்டது. அரியலூரில் சிமென்ட் ஆலைகளில் பணிபுரிவோர் வீடுகளிலும், செட்டிகுளத்துச் சின்ன வெங்காய வியாபாரிகளின் கடைகளிலும், லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்போர் விட்டுச் சென்ற இல்லங்களிலும் இன்று கண்ணாடி இழைக் கம்பி வந்து சேர்ந்திருக்கிறது. பாரத்நெட் திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் அந்தக் கம்பியைக் கொண்டு செல்லும் பணியை டான்ஃபிநெட் என்று வழங்கும் அரசு நிறுவனம் மேற்கொண்டிருக்கிறது. கம்பி எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாக அதைக் காக்கும் அறிவு வரவில்லை என்பதே என் கவலை. அக்கவலையின் காரணமாகத்தான் இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டேன்.

முதலில், காவல் எதற்கு என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரிக்குள் போர்ட் என்று சொல்லப்படும் வாயில்கள் 65,000க்கும் மேல் உண்டு. கோப்பைப் பகிர ஒரு வாயில், காமிராப் படத்தைக் காட்ட ஒரு வாயில், தொலைவிலிருந்து கருவியை நிர்வகிக்க ஒரு வாயில் என்று ஒவ்வொரு சேவையும் தனக்குரிய எண்ணில் செவிசாய்த்துக் காத்திருக்கிறது. நம்மைப் பற்றி யாதொன்றும் அறியாத, நம்மிடம் எந்தப் பகையும் இல்லாத தானியங்கி நிரல்கள், உலகத்து முகவரிகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, இரவு பகல் ஓயாமல் இந்த வாயில்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே, 'நம் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது, நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்' என்ற சமாதானம் இவ்விஷயத்தில் செல்லாது. அவை ஆளைத் தேடி வருவதில்லை; திறந்த வாயிலைத் தேடியே வருகின்றன.

இந்த அபாயம் முதன்முதலாகப் பெரிய அளவில் பிரத்தியட்சமானது 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி. அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸ் என்னும் ஆராய்ச்சி மாணவர் எழுதிவிட்ட நிரல் ஒன்று, கணினியிலிருந்து கணினிக்குத் தானாகவே தாவிச் சென்று, அந்நாளைய இணையத்தில் பல ஆயிரம் இயந்திரங்களை ஸ்தம்பிக்கச் செய்தது. அதுவரை பல்கலைக்கழகங்கள் ஒன்றையொன்று நம்பித் திறந்து வைத்திருந்த வலையமைப்பில், வருகிற தகவல் பொட்டலங்களைச் சோதித்து, அனுமதிக்கத்தக்கதை மட்டும் அனுமதிக்கும் சாதனம் வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேதான் உறுதிப்பட்டது. முகவரியையும் வாயில் எண்ணையும் மட்டும் பார்த்த எளிய வடிகட்டிகள் முதலில் தோன்றின. பின்னர் 1990களில், உள்ளிருந்து யார் எந்த உரையாடலைத் தொடங்கினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு வரும் மறுமொழியை மட்டும் உள்ளே விடும் நுட்பம் வளர்ந்தது. இன்று நம் வீட்டுக் கருவிகளில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நுட்பமே.

இனி, வன்பொருள், மென்பொருள் என்ற இரு வகைக்கும் உள்ள உறவை நம் ஊர்ப் பக்கத்துச் சான்று ஒன்றைக் கொண்டே விளக்கிவிடலாம். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பெருவழியில், பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. அகழியும், அரைவட்டக் கொத்தளங்களோடு கூடிய வெளிமதிலும், அதற்கு மேல் படிப்படியாக உயரும் உள்மதில்களும் அமைந்த கோட்டை அது. வெளிமதில் கோட்டைக்குள் இருக்கும் அனைவருக்கும் பொது. உள்ளரண் அதற்குள் இருப்போரை மட்டும் காப்பது. வெளிமதிலைத் தாண்டி ஒருவன் உள்ளே வந்துவிட்ட பிறகு பயன்படுவது உள்ளரண். உள்ளரணுக்கு வெளியே குடியிருப்போருக்கு வெளிமதிலே கதி. இரண்டில் எது வேண்டும் என்று அதைக் கட்டியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். எது யாரைக் காக்கிறது என்று கேட்டே கட்டியிருப்பார்கள். நாமும் அப்படியே கேட்போம்.

வீட்டின் வெளிமதில் எங்கே இருக்கிறது? அதை வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்கு மேலேயோ, மின்சார மீட்டர் பக்கத்திலேயோ, கேபிள்காரர் இரண்டு திருகாணி போட்டு மாட்டிவிட்டுப் போன அந்தப் பெட்டியே அது. 'மோடம்' என்று சிலர் சொல்வோம், 'ரௌட்டர்' என்று சிலர் சொல்வோம், 'வைஃபை பாக்ஸ்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். பச்சை விளக்கு எரிந்தால் இணைப்பு இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கேயோ கம்பி அறுந்துவிட்டது என்ற அளவோடு நம் பரிச்சயம் நின்றுவிடுகிறது. இன்று வீடு திரும்பியதும் அந்தப் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அங்கே ஒரு சிறிய ஒட்டுச்சீட்டு இருக்கும், அதில் 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண்ணும், ஒரு பயனர் பெயரும், ஒரு கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைக் கணினியின் உலாவியிலே தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அந்தப் பெயரும் சொல்லும் கொடுத்தால் பெட்டியின் முழு நிர்வாகமும் நம் கைக்கு வரும். ஃபயர்வால் என்று ஒரு பகுதி அதிலே அநேகமாக இருக்கும்.

இந்தப் பெட்டி செய்யும் உபகாரம் சாதாரணமானதல்ல. இணைப்புக்கென்று வெளியுலகம் கொடுத்த முகவரி ஒன்றே. வீட்டுக்குள் கைப்பேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி, காமிரா என்று பல கருவிகள். இவை ஒவ்வொன்றுக்கும் வெளியே செல்லாத உள்முகவரி ஒன்றைக் கொடுத்து, எந்தக் கருவி எந்தத் தளத்தோடு பேசத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும் மறுமொழியை உரியவரிடம் சேர்ப்பது அப்பெட்டியின் வேலை. நாம் கேட்காமல், வெளியிலிருந்து தானாக வந்து தட்டுகின்ற பொட்டலத்துக்கு அந்தக் குறிப்பேட்டில் இடம் இல்லை; யாரிடம் சேர்ப்பது என்று தெரியாத காரணத்தால் அது கைவிடப்படுகிறது. முகவரிப் பஞ்சத்தைச் சமாளிப்பதற்காக ஏற்பட்ட இந்த யுக்தியே, அதனோடு கூடவே ஒரு காவலாகவும் அமைந்துவிட்டது. தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தெரியாத தொலைக்காட்சிக்கும் காமிராவுக்கும் வேறு காவல் கிடையாது என்பதை நினைத்தால், இப்பெட்டியின் அருமை விளங்கும்.

ஆனால் அந்த உபகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. முகவரிப் பஞ்சம் இல்லாத ஐபிவி6 என்னும் புதிய முறையை மிகுதியாகக் கையாளும் நாடுகளில் இந்தியா முன்னணியில் நிற்கிறது. அம்முறையில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த முகவரி கிடைக்கக்கூடும். முகவரியை மாற்றிக் கொடுப்பதால் கிடைத்த தற்செயலான காவல் அங்கே இல்லை. பெட்டியிலுள்ள ஃபயர்வால் ஐபிவி6க்கும் சேர்த்து இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே மதில் நிற்கும். இதைச் சரிபார்த்துத் தரும்படி இணைப்புத் தந்தவரைக் கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

மதில் எவ்வளவு உயரமானாலும், சாவி யார் கையில் இருக்கிறது என்பதே முடிவான கேள்வி. 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஜெர்மனியில் ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு முடங்கியது. தொலைவிலிருந்து பெட்டியை நிர்வகிப்பதற்காக வைத்திருந்த வாயிலைத் தாக்கு நிரல் ஒன்று தட்டிய தட்டில் பெட்டிகள் நிலைகுலைந்தன. அடுத்த ஆண்டு, 2017 ஜூலை இறுதியில், நம் நாட்டிலேயே கர்நாடகம் முதலிய பகுதிகளில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் பெருமளவில் செயலிழந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்த மோடம்களுக்குள் ஒரு தீய நிரல் புகுந்து அவற்றைப் பயனற்றவை ஆக்கியது. கடவுச்சொல்லை உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. யோசித்துப் பாருங்கள்: அந்த வீடுகளில் வன்பொருள் ஃபயர்வால் இல்லாமல் இல்லை. வாங்கிய நாளிலேயே இருந்தது. அதன் சாவி மட்டும் ஊரறிந்த சாவியாக இருந்தது.

இந்தச் சம்பவத்திலிருந்து நம் மாவட்டங்களுக்கு ஒரு நேரான பாடம் உண்டு. இணைப்புக் கொடுக்க வரும் பையன், அவசரத்தில், வைஃபை கடவுச்சொல்லாக வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையே போட்டுவிட்டுப் போகிறான். நிர்வாகக் கடவுச்சொல் ஒன்று தனியே உண்டு என்பதை அவனும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இணைப்பு மந்தமானால், குண்டூசி நுழையும் அந்தச் சிறு துளையை அழுத்தி எல்லாவற்றையும் புதிதாக்கிவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. அப்படி அழுத்தியவுடன், நாம் மாற்றி வைத்த கடவுச்சொல் அழிந்து, பழைய ஊரறிந்த சொல்லே திரும்பிவிடுகிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்? அந்தத் துளையை அழுத்திய நாளெல்லாம் சாவியையும் மாற்ற வேண்டிய நாளே.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்குள்ள வீட்டைக் காமிரா வழியாகப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். துபாயிலோ குவைத்திலோ உழைக்கும் மகன், வயதான பெற்றோர் இருக்கும் வாசலை இரவில் ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியாக உறங்க விரும்புவது இயல்பு. அதைக் குறை சொல்வார் யாரும் இல்லை. ஆனால் அந்தப் படம் அங்கே போய்ச் சேருவதற்காக, ரௌட்டரில் ஒரு வாயிலை நிரந்தரமாகத் திறந்து வைத்து, காமிராப் பெட்டியின் கடவுச்சொல்லை வந்தபடியே விட்டுவிட்டால், மகன் பார்ப்பதை மற்றவரும் பார்க்கலாம். 2016இல் உலகையே அதிரச் செய்த மிராய் என்னும் தீய நிரல், சுமார் அறுபது பழைய பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு, காமிராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் நினைவிலிருந்து மறைந்துவிடும் நிரல்தான் அது. ஆயினும் கடவுச்சொல் மாறாத கருவி, மறுபடி இணைந்த சற்று நேரத்திலேயே மீண்டும் வசமாயிற்று. ஆகவே காமிராவின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். யூபிஎன்பி என்று ரௌட்டரில் இருக்கும் வசதி, நம்மைக் கேளாமல் கருவிகளே வாயில் திறந்துகொள்ள இடம் கொடுப்பது, அதை நிறுத்திவிடுங்கள். தொலைவிலிருந்து பார்க்க வேண்டுமானால், வாயிலைத் திறந்து விடாமல், கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பும் கேட்கும் செயலியையோ, வி.பி.என். எனப்படும் பாதுகாப்பான தனிவழியையோ தேர்ந்தெடுங்கள்.

இனி உள்ளரணாகிய மென்பொருள் ஃபயர்வாலுக்கு வருவோம். 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் நிரல், இணைப்பில் இருந்ததைத் தவிர வேறொரு பிழையும் செய்யாத கணினிகளை 135ஆம் வாயில் வழியாகத் தாக்கி, அவற்றைத் திரும்பத் திரும்ப அணைந்து எழச் செய்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பில்தான் அந்தக் காவல் முதலிலிருந்தே இயங்கும்படி வைக்கப்பட்டது. கையில் இருந்த காவல் இயங்காமல் கிடந்ததற்கு உலகம் கொடுத்த விலை அது. இன்று விண்டோஸ் கணினி எதிலும் இந்தக் காவல் செலவில்லாமல் இருக்கிறது, வாங்கிய நாள் முதல் இயங்குகிறது. ஏதோ ஒரு விளையாட்டோ, பிரிண்டரோ வேலை செய்யவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை அணைத்துவிட்டு மறந்துவிடுவதே பெரும்பாலான வீடுகளில் நேரும் தவறு.

ரௌட்டரால் முடியாத இரண்டு காரியங்களை இது செய்யும். ஒன்று, எந்தப் பொட்டலத்தை எந்த நிரல் அனுப்புகிறது என்பது கணினிக்குள் இருக்கும் காவலனுக்கே தெரியும். வாசலில் நிற்பவனுக்குத் தெரியாது. மற்றொன்று, இது கணினியோடு கூடவே பயணம் செய்யும். பெரம்பலூரில் படிக்கும் மாணவி தன் மடிக்கணினியை விடுதிக்கும், பேருந்து நிலையத்து இலவச வைஃபைக்கும் கொண்டு போகும்போது, வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டியால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. புது வலையமைப்பில் இணையும்போது அதைக் கணினியின் அமைப்பில் 'பப்ளிக்' என்று வைத்தால், அருகில் இணைந்திருக்கும் அந்நியக் கணினிகளுக்கு அது தன் வாயில்களை மூடிக்கொள்ளும். 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்னும் நிரல் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, ஒரு வலையமைப்பில் ஒரே ஓர் இயந்திரம் மாட்டிக்கொண்டாலும் 445ஆம் வாயில் வழியாக அக்கம்பக்கத்து இயந்திரங்களுக்கெல்லாம் தாவியது. வெளிமதிலுக்கு உள்ளேயே நடக்கும் அந்தத் தாவலைத் தடுக்கும் சக்தி ஒவ்வொரு கணினியின் சொந்தக் காவலுக்கும், இரண்டு மாதம் முன்பே வெளிவந்துவிட்ட திருத்தத்துக்கும் மட்டுமே இருந்தது.

மென்பொருளுக்கும் குறை உண்டு. தான் காக்கும் கணினியிலேயே அது வசிப்பதால், நிர்வாக அதிகாரம் பெற்ற தீய நிரல் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், முதலில் காவலனையே உறங்க வைத்துவிடும். பழுது நீக்கும் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் இருக்கும் காவலும் தளர்ந்த காவலே. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது என்பதைப் பழைய கணினி வைத்திருப்போர் கவனிக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே மற்றொரு பாடமும் கிடைத்திருக்கிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி ஒன்றில் தீய நிரல் புகுந்திருந்தது. அந்தப் பகுதி, நிலையத்தின் முக்கியமான உள்வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்றும், நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30ஆம் தேதி தெரிவித்தது. காவல் தோற்றாலும் சேதத்தைச் சுருக்குவது பிரிவினை என்னும் இந்தத் தத்துவம் வீட்டுக்கும் பொருந்தும். அநேக ரௌட்டர்களில் 'கெஸ்ட்' என்ற பெயரில் இரண்டாவது வைஃபை ஒன்றை ஏற்படுத்தலாம். காமிராவையும், தொலைக்காட்சியையும், விருந்தினர் கைப்பேசிகளையும் அதிலே விட்டுவிட்டு, வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியையும் கைப்பேசியையும் முதலாவதில் வைத்துக்கொண்டால், காசு செலவில்லாமல் உள்மதில் ஒன்று எழுந்துவிடும்.

அப்படியானால் தனியாக ஒரு வன்பொருள் ஃபயர்வால் வாங்குவது யாருக்கு? என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சாமானியக் குடும்பத்துக்கு அது தேவையில்லை. அந்தக் கருவிகளுக்கு வாங்கும் விலையோடு, ஆண்டுதோறும் சந்தாவும், அதைப் புரிந்து நிர்வகிக்கும் ஓர் ஆளும் வேண்டும். கவனிப்பார் இல்லாத உயர்ந்த கருவியைவிடக் கவனிக்கப்படும் எளிய கருவியே மேல். வாடிக்கையாளரின் கணக்குகளைக் கையாளும் தணிக்கையாளர் அலுவலகம், நோயாளிகளின் விவரம் வைத்திருக்கும் மருத்துவமனை, பல கணினிகளோடு இயங்கும் வியாபார ஸ்தலம் ஆகியவை தனிக் கருவியை யோசிக்கலாம். கற்கும் ஆர்வமுள்ள மாணவர்களோ, பழைய கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎன்சென்ஸ் போன்ற மென்பொருளை ஏற்றித் தாமே ஒரு வெளிமதிலைக் கட்டிப் பார்க்கலாம். அதனால் கிடைக்கும் கல்வி எந்தக் கருவியின் விலையையும் விடப் பெரிது.

இவ்விரு காவல்களும் சேர்ந்தும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்னும் செயலிக் கோப்பை நாமே தொட்டு நிறுவினால், உரையாடலைத் தொடங்கியவர் நாமே ஆகிறோம். மறுமொழியை உள்ளே விடுவது ஃபயர்வாலின் கடமை. ஓ.டி.பி. எண்ணைத் தொலைபேசியில் சொல்லிவிட்டவருக்கு எந்தச் சுவரும் உதவாது. அவ்விதம் பணம் போனால், வெட்கத்தால் ஒரு நாளைக் கூடக் கழிக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

நிறைவாகச் சில கடமைகளைச் சொல்லி முடிக்கிறேன். இணைப்புத் தருகிறவர்களே, பெட்டியை மாட்டிய அன்றே நிர்வாகக் கடவுச்சொல்லை வீட்டுக்காரர் முன்னிலையில் மாற்றி, அதைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். பட்டியலில் சேராத இந்தச் சிறு சேவையே உங்கள் தொழிலுக்குப் பெரிய மரியாதையைத் தேடித் தரும். நூலகங்களும் கல்லூரிகளும் ஆண்டில் ஒரு நாளேனும் ஊரார் தங்கள் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கட்டும். மாணவர்கள் அன்று ஆளுக்கொரு வீதியை ஏற்றுக்கொள்ளட்டும். குடும்பத்தில் ஒருவர், தாயாரோ மகளோ யாராயினும், சமையல் வாயு உருளைக்குப் பதிவு செய்வதைப் போல, ரௌட்டரின் கடவுச்சொல்லும் புதுப்பிப்பும் தம் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளட்டும்.

வன்பொருளா, மென்பொருளா என்று என்னைக் கேட்டால், இரண்டும் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கின்றன என்பதே என் விடை. சுவரில் இருப்பது எல்லோருக்கும் பொதுக்காவல். கணினியில் இருப்பது அவரவர்க்குச் சொந்தக்காவல். ஒன்றை நம்பி மற்றொன்றை அணைக்காதீர்கள். இரண்டின் சாவியையும் பிறர் கையில் விடாதீர்கள். புதிதாக வாங்க வேண்டியது கருவி எதுவும் இல்லை. ஏற்க வேண்டியது பொறுப்பு ஒன்றே. அதை ஏற்கும் சக்தி, எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இவ்விரு மாவட்டங்களிலும் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.